வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் முதல் கிழமை

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்தை ஒட்டி வெளிநாடுகளிலிருந்து குடும்பங்கள் வரத் தொடங்கும் காலம் இது. அவர்களை வரவேற்கக் காத்திருக்கும் அம்மம்மாமார், அப்பப்பாமார், மாமா மாமிமார் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். ஐரோப்பாவிலிருந்து வரும் பிள்ளைக்கு முதல் நான்கு நாட்களும், கனடாவிலிருந்து வரும் பிள்ளைக்கு முதல் ஒரு கிழமையும் விடியற்காலைப் பூசை, இரவு விருந்து, தூரப் பயணம் எதையும் வைக்காதீர்கள். பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள், அந்தியேட்டி என்று எதற்கு நாள் குறித்தாலும் விமானம் இறங்கும் திகதியைக் கேட்டுவிட்டுக் குறியுங்கள்.

இப்போது நடப்பது வேறு. இரவோடிரவாகக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் ஏற்றி வருகிறோம். அடுத்த நாள் விடிய நாலரைக்கு எழுப்பிக் குளிக்க வார்த்துக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறோம். பத்து மணிக்குப் பெரியம்மா வீடு, மத்தியானம் சித்தப்பா வீடு, இரவு மண்டபம். இரண்டாம் நாள் பிள்ளை சோற்றைத் தொடாது, கதிரையிலேயே சரிந்து உறங்கும், சாமத்தில் எழும்பி அழும். மூன்றாம் நாள் சத்தி எடுக்கும். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாய் சொல்லுவார். கண்ணூறு என்று ஆச்சி உப்பும் மிளகாயும் எடுப்பார். கண்ணூறு கழிப்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் உடம்பு இன்னும் ரொறன்ரோ நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது (ஜெட் லாக் என்பது இதைத்தான்) என்பதையும் வீட்டில் ஒருவராவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டு நேரத்துக்கும் அவர்களின் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் சரியாகத் தெரிந்துகொள்வோம். கோடைகாலத்தில் லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, ஜேர்மனி எல்லாம் மூன்றரை, ரொறன்ரோ ஒன்பதரை. மார்கழி விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு இவை ஒவ்வொன்றிலும் ஒரு மணித்தியாலம் கூடும். மெல்பேணும் சிட்னியும் நமக்கு முன்னால்: ஆடியில் நாலரை, மார்கழியில் ஐந்தரை. ஆக, விடிய நாலரைப் பூசைக்கு நாம் எழுப்பும் லண்டன் பிள்ளைக்கு அது நடுச்சாமம் 12 மணி. ரொறன்ரோப் பிள்ளைக்கு இரவு 7 மணி. அது படுக்கப் போகும் நேரம்.

மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, உடம்பின் நேரத்தைக் காக்கும் சிறிய நரம்புத் திரள் ஒன்று இருக்கிறது. உறக்கம், பசி, உடல் வெப்பம், மலம் கழிக்கும் நேரம் எல்லாம் அதைப் பின்பற்றியே நடக்கின்றன. அது ஒரே நாளில் மாறாது. கிழக்கு நோக்கிப் பறந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், மேற்கு நோக்கிப் பறந்தால் ஒன்றரை மணித்தியாலம் என்ற கணக்கிலேயே நகரும். மனித உடம்பின் இயல்பான நாள் 24 மணித்தியாலத்தை விடச் சற்று நீளமானது. அதனால் பிந்தி உறங்குவது இலகு, முந்தி உறங்குவது கடினம். கிழக்கே வருவது, அதாவது லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ இங்கே வருவது, கடினமான பக்கம். லண்டன் பிள்ளைக்கு நாலைந்து நாள் என்பதும், ரொறன்ரோப் பிள்ளைக்கு ஒரு கிழமைக்கு மேல் என்பதும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்தத் தாளமே இன்னும் சரியாக அமைந்திருக்காது. அது பசிக்கு எழும்பும், பாலுக்கு உறங்கும். அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. தாயின் உறக்கத்தைப் பற்றித்தான் வீட்டார் யோசிக்க வேண்டும்.

இந்த மணிக்கூட்டை நகர்த்தும் வலுவான கை வெளிச்சம். விடிய எழுப்பி வெயிலில் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது எப்போதும் சரியல்ல. தவறான நேரத்தில் பட்ட வெளிச்சம் மணிக்கூட்டை எதிர்ப்பக்கம் தள்ளும். கணக்கு இதுதான். பிள்ளை தன் ஊரில் வழக்கமாக எழும்பும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பாக உடல் வெப்பம் மிகத் தாழ்ந்திருக்கும். அந்தப் புள்ளிக்குப் பின் படும் வெளிச்சம் உறக்கத்தை முன்னுக்கு இழுக்கும். அதற்கு முன் படும் வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும்.

லண்டனில் காலை 7 மணிக்கு எழும்பும் பிள்ளைக்கு அந்தப் புள்ளி அங்கே விடிய 4 முதல் 5 மணி; நம் நேரப்படி காலை எட்டரை முதல் ஒன்பதரை. ஆகவே முதல் நாள் ஒன்பதரை வரை அந்தப் பிள்ளையை அரையிருட்டு அறையில் உறங்க விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு முற்றத்துக்கு விடுங்கள். இரண்டாம் நாள் ஒன்பது மணி, மூன்றாம் நாள் எட்டு என்று முன்னுக்குக் கொண்டுவரலாம். மற்றைய ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு இதிலிருந்து ஒரு மணித்தியாலம் கழித்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோப் பிள்ளைக்கு அந்தப் புள்ளி நம் நேரப்படி பின்னேரம் ஒன்றரை முதல் இரண்டரை வரை. அந்தப் பிள்ளையை முதல் நாள் காலையில் வெளியில் கொண்டுதிரிவதுதான் செய்யக்கூடிய பெரிய பிழை. காலையில் யன்னல் திரையை மூடி வையுங்கள். இரண்டரையிலிருந்து பொழுதுபடும் வரை வெளியில் விடுங்கள். அடுத்த நாள் ஒன்றரை, அதற்கடுத்த நாள் பன்னிரண்டரை என்று நாளுக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வாருங்கள். ஏழாம் நாளில் காலை எட்டரை வெயில் அந்தப் பிள்ளைக்கு நல்லதாகியிருக்கும்.

உச்சிவெயிலில் நிற்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. வீட்டுக்குள் எரியும் மின்குமிழின் வெளிச்சம் 100 முதல் 300 லக்ஸ். மாமரத்து நிழலில் அது பல ஆயிரம். வெறும் வெயிலில் ஒரு இலட்சம் வரை போகும். விறாந்தையின் ஓரமோ வேப்பமர நிழலோ போதும். மூன்று மணிக்குப் பிறகு கீரிமலைக்கோ காரைநகர் கசூரினாவுக்கோ கூட்டிப் போனால் வெளிச்சமும் கிடைக்கும், ஓடியாடிக் களைப்பும் வரும். தொப்பி போடுங்கள், தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள். நடைப்பயணமாகக் கோயில் கோயிலாகக் கொண்டுதிரிய வேண்டாம்.

கோயிலுக்கே போகக் கூடாது என்றும் சொல்லவில்லை. பின்னேரத் திருவிழாவுக்கு முதல் நாளிலேயே கூட்டிப் போகலாம். பின்னேரம் ஐந்து மணிக்கு ரொறன்ரோப் பிள்ளைக்குக் காலை ஏழரை, லண்டன் பிள்ளைக்கு மத்தியானம் பன்னிரண்டரை. இருவரும் நன்றாக விழித்திருப்பார்கள், அந்த நேரத்து வெளிச்சமும் கெடுதல் செய்யாது. தவிர்க்க வேண்டியது விடியற்காலைதான். அவுஸ்திரேலியப் பிள்ளைகளின் கதை தலைகீழ். பின்னேரம் நாலு மணிக்கே கண் சொருகும், இரவு இரண்டரைக்கு விழித்துவிடும். விடியற்பூசைக்கு உற்சாகமாக வருவார்கள். ஆனால் அந்நேரத்து ஒளி விளக்குகளும் தொடர்ந்து வரும் காலை வெயிலும் மணிக்கூட்டை மெல்பேண் பக்கமே இழுத்துப் பிடிக்கும். அவர்களைப் பின்னேரம் நாலு முதல் ஆறரை வரை வெளியில் ஓட விடுங்கள். விடிய எழும்பினால் ஆறு மணி வரை இருட்டில் வைத்திருங்கள்.

கட்டுநாயக்காவிலிருந்து வரும் வழியிலேயே இதைத் தொடங்கலாம். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று வீடு வந்து சேர ஏழெட்டு மணித்தியாலம் ஆகும். காலை ஒன்பது மணிக்குப் புறப்படும் வானில் ரொறன்ரோப் பிள்ளை இருந்தால் அநுராதபுரம் கடக்கும் வரை அந்தப் பக்கத் திரையை மூடி உறங்க விடுங்கள். வவுனியா தாண்டியதும் திரையை விலக்குங்கள். ஆனையிறவில் இறக்கிப் பத்து நிமிடம் நடக்க விடுங்கள். அந்த நேரத்து வெளிச்சம் அதற்குத் தேவையான வெளிச்சம். விமானம் இரவு எட்டு மணிக்குப் பிறகு இறங்கினால் உடனே யாழ்ப்பாணத்துக்குப் புறப்படாதீர்கள். நீர்கொழும்பு விமான நிலையத்துக்குக் கிட்டத்தான் இருக்கிறது. ஓர் இரவு அங்கே தங்குவதற்கு ஆகும் செலவு வீண்செலவல்ல. உறக்கம் கெட்ட சாரதி, இருக்கைப் பட்டி போடாத பிள்ளைகள், ஏ-9 வீதி, சாமம்: இந்த நான்கும் ஒன்றுசேர விடக் கூடாது.

பட்டியைப் பற்றி ஒரு சொல். இங்கே பல வான்களில் பின் இருக்கைப் பட்டிகள் இருக்கைக்குக் கீழே புதைந்து கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வான் பதியும்போதே மூன்று முனைப் பட்டி எத்தனை இருக்கையில் வேலை செய்கிறது என்று கேளுங்கள். அங்கிருந்து பிள்ளையின் கார் இருக்கையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பல விமான நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் எடுப்பதில்லை. பற்றுச்சீட்டு எடுக்கும்போதே கேட்டு உறுதி செய்ய வேண்டும். ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் அகலத்துக்குள், விமானத்தில் பாவிக்கலாம் என்ற அனுமதி ஒட்டியிருந்தால், பிள்ளைக்குத் தனி இருக்கை வாங்கியவர்கள் அதை விமானத்துக்குள்ளும் கட்டலாம். பழகிய இருக்கையில் பிள்ளை இலகுவாக உறங்கும்.

இனி இரவு. யாழ்ப்பாணத்தில் சாமம் ஒரு மணி என்றால் ரொறன்ரோவில் பின்னேரம் மூன்றரை. பள்ளிக்கூடத்தால் வந்து பசியோடு குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும் நேரம். அந்தப் பிள்ளை எழும்பி "பசிக்குது" என்றால் உண்மையாகவே பசிக்கிறது. ஏசாதீர்கள். ஒரு கதலி வாழைப்பழம், இரண்டு பிஸ்கற், அரைக் கோப்பை பால் கொடுங்கள். குசினியில் பெரிய விளக்கைப் போட்டுப் புட்டு அவித்துக் கொடுத்தால் வயிற்றுக்கு அது மத்தியானமாகிவிடும்; அடுத்த சாமமும் அதே நேரத்துக்கு எழும்பும். வெளிச்சம் மங்கலாக இருக்க வேண்டும். வெள்ளை ரியூப் லைற்றுக்குப் பதிலாகச் சிறிய மஞ்சள் குமிழ் ஒன்றைப் படுக்கையறைக்கும் கழிப்பறைக்குப் போகும் வழிக்கும் முன்கூட்டியே போட்டு வையுங்கள். தொலைபேசியும் ரப்லெற்றும் கொடுக்க வேண்டாம். கண்ணுக்கு ஓரடி தூரத்தில் பிடித்த திரையின் வெளிச்சமும், அதில் ஓடும் விளையாட்டும் இரண்டுமே உறக்கத்தைக் கலைக்கும். அம்மம்மா கதை சொல்லட்டும், படுத்தபடியே கேட்கட்டும். அரை மணித்தியாலத்துக்கு மேல் உறக்கம் வராவிட்டால் எழுந்திருந்து மங்கலான வெளிச்சத்தில் படம் கீறலாம், கட்டைகளை அடுக்கலாம்.

நுளம்பு வலையைப் பல வெளிநாட்டுப் பிள்ளைகள் கண்டிருக்கமாட்டார்கள். சாமத்தில் விழித்து முகத்துக்கு மேல் வெள்ளைத் துணியைக் கண்டால் வீறிட்டு அழும். பகலிலேயே அதற்குள் புகுந்து விளையாட விடுங்கள். இன்னொன்றும் உண்டு: ஆடியில் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சமிருக்கும். இங்கே ஆறரைக்குப் பொழுதுபட்டு ஏழு மணிக்கு நல்ல இருட்டு. அந்த இருட்டு நமக்கு உதவி. அதைத் திண்ணை முழுக்க விளக்கெரித்துப் பத்து மணி வரை பேச்சும் சிரிப்புமாக வீணாக்குகிறோம்.

பகல் உறக்கத்தை முழுக்கத் தடுக்கவும் கூடாது. களைப்பு மிஞ்சிய பிள்ளை இரவில் நன்றாக உறங்கும் என்பது பிழையான கணக்கு. மிஞ்சிய களைப்பு பிள்ளையைத் துடிக்க வைக்கும், இடையிடையே விழிக்க வைக்கும். ஒன்றரை மணித்தியாலம் உறங்க விட்டு, நாலு மணிக்கு முன் எழுப்பிவிடுங்கள். எழுப்பும்போது சத்தம் போடாமல் திரையை விலக்கி, முகத்தைத் துடைத்து, குடிக்க ஏதாவது கொடுங்கள். பள்ளி செல்லும் 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மொத்தம் 9 முதல் 12 மணித்தியால உறக்கம் வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுக்கு 10 முதல் 13. முதல் நாட்களில் இதைக் கூட்டிப் பார்த்தாலே பிள்ளை ஏன் சிணுங்குகிறது என்பது விளங்கும். பதின்ம வயதினருக்கு இது இன்னும் கடினம். அவர்களின் உடம்பு இயல்பாகவே பிந்தி உறங்கும் பக்கம் சாய்ந்தது. பத்து மணி வரை படுத்துக் கிடக்கும் பெடியனைச் சோம்பேறி என்று முதல் கிழமையில் சொல்லிவிடாதீர்கள்.

வயிற்றுக்கும் தன் நேரம் உண்டு. முதல் மூன்று நாள் மலச்சிக்கலும் வரலாம், பசியின்மையும் வரலாம். இடியப்பமும் சொதியும், குத்தரிசிக் கஞ்சி, பப்பாசிப்பழம், இளநீர் போதும். நண்டுக்கறியும் ஆட்டிறைச்சியும் இரண்டாம் கிழமைக்கு இருக்கட்டும். பால்மா குடிக்கும் கைக்குழந்தை உள்ள வீடுகள் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். நம் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் வந்த நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருக்கிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவுவதை அது குறைக்கும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். அந்தக் குழந்தைக்கு மட்டும் நம்பகமான போத்தல் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பாவியுங்கள்.

இந்தப் பத்திரிகையை வெளிநாட்டிலிருந்தபடியே வாசிக்கும் பெற்றோர் பலர் உண்டு. விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது அவர்களுக்கு. புறப்பட மூன்று நாள் முன்பிருந்து லண்டன் பிள்ளையை நாளுக்கு அரை மணித்தியாலம் முந்திப் படுக்க வையுங்கள், அதே அளவு முந்தி எழுப்புங்கள். ஒன்றரை மணித்தியாலம் அங்கேயே கழிந்துவிடும். ரொறன்ரோவிலிருந்து வருகிறவர்கள் இதில் மினக்கெட வேண்டாம். ஒன்பதரை மணித்தியாலத்தில் ஒன்றைக் குறைக்கப் போய்ப் பிள்ளை உறக்கம் கெட்டு விமானம் ஏறுவதுதான் மிச்சம். நன்றாக உறங்கிய உடம்போடு ஏற்றுங்கள்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் 1800 முதல் 2400 மீற்றர் உயரத்தில் இருப்பது போன்றது. ஏறத்தாழ நுவரெலியாவில் தொடங்கிப் பீதுருதாலகாலை உச்சியை நெருங்கும் அளவு. ஈரப்பதன் 20 வீதத்துக்கும் குறைவு. மூக்குக் காயும், உதடு வெடிக்கும், தாகம் தெரியாமலே நீர் குறையும். பெரிய பிள்ளைக்கு விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அரைக் கோப்பை தண்ணீர் கொடுங்கள். கோலாவும் தேத்தண்ணியும் வேண்டாம். இறங்கும்போதுதான் காதுவலி வரும், ஏறும்போது அவ்வளவு வராது. நடுக்காதைத் தொண்டையோடு இணைக்கும் குழாய் பிள்ளைகளுக்குக் குறுகியது, கிடையானது. வெளியழுத்தம் கூடும்போது அது ஒட்டிக்கொள்ளும். விழுங்கினால் திறக்கும். தரையிறங்க அரை மணித்தியாலம் முன், விமானம் தாழத் தொடங்கும்போதே பிள்ளையை எழுப்பித் தாய்ப்பாலோ போத்தலோ கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு உறிஞ்சுகுழாயால் தண்ணீர் போதும். பலர் பிள்ளை உறங்குகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். உறக்கத்தில் விழுங்குவது குறைவு, வலியோடுதான் விழிக்கும். கடும் தடிமனோ காதில் கிருமித்தொற்றோ இருந்தால் பயணத்துக்கு முன் வைத்தியரிடம் காதைக் காட்டுங்கள்.

குழந்தைத் தொட்டில் முன்சுவர் வரிசையில் மட்டுமே பொருத்தப்படும். பெரும்பாலும் 11 கிலோ அளவோடு எல்லை முடியும். பற்றுச்சீட்டு எடுத்த அன்றே கேட்டுப் பதியாவிட்டால் கிடைக்காது. விமானம் குலுங்கும்போது குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்து, உங்கள் பட்டியோடு கொளுவும் சிறு பட்டியைக் குழந்தைக்குப் போட வேண்டும். பயணத்தின் நடுவில் இரண்டு வயது நிறையும் பிள்ளைக்குத் திரும்பும் பயணத்தில் தனி இருக்கை கட்டாயம். இதை மறந்து போய்க் கடைசி நேரத்தில் பெரும் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கான சாப்பாட்டைக் குறைந்தது ஒரு நாள் முன்பே பதிய வேண்டும்.

கைப்பொதியைப் பயண நேரத்துக்கல்ல, அதோடு 12 மணித்தியாலம் கூட்டிக் கட்டுங்கள். ரொறன்ரோவிலிருந்து வளைகுடாவுக்குப் 13 மணித்தியாலம், அங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு நாலரை, இடையில் காத்திருப்பு, பிறகு வான். வீடு வந்து சேர 30 மணித்தியாலம் என்பது சாதாரணம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பம்பர்ஸ், அதற்கு மேல் ஆறு. பிள்ளைக்கு மூன்று மாற்றுடுப்பு, மடியில் வைத்திருப்பவருக்கு ஒன்று. சத்தி எடுப்பது பெரும்பாலும் தாயின் சட்டையில்தான். பால்மாவை ஒரு வேளைக்கு ஒன்றாக அளந்து சிறு டப்பாக்களில் போட்டுக்கொள்ளுங்கள். வெந்நீரை விமானத்தில் கேட்டு வாங்கி ஆற்றலாம். 100 மில்லிலீற்றர் திரவக் கட்டுப்பாட்டில் குழந்தையின் பாலுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு, ஆனால் சோதனையில் வெளியே எடுத்துக் காட்ட வேண்டும்.

பிள்ளையை உறங்க வைப்பதற்கென்று தடிமன் பாணி கொடுக்காதீர்கள். அந்தப் பாணிகளில் உள்ள குளோர்பெனிரமின் கொடுத்துச் சில பிள்ளைகள் உறங்குவதற்குப் பதிலாக மேலும் துள்ளும். 13 மணித்தியாலம் அதைச் சமாளிக்க வேண்டி வரும். புரோமெதசின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அறவே கூடாது, மூச்சை அடக்கிவிடும். உறக்கத்துக்கு எடுக்கும் மெலற்றோனின் கனடாவில் கடையில் கிடைக்கும். பிரித்தானியாவில் வைத்தியரின் சீட்டு வேண்டும். கடையில் கிடைக்கிறது என்பதற்காகக் கொடுக்காமல், பிள்ளையைத் தெரிந்த வைத்தியர் அளவும் நேரமும் சொன்னால் மட்டும் கொடுங்கள். தவறான நேரத்தில் கொடுத்தால் அதுவும் தவறான பக்கம்தான் தள்ளும். வலிப்பு உள்ள பிள்ளைக்கு உறக்கக் குறைவே வலிப்பைத் தூண்டும். இன்சுலின் போடும் பிள்ளைக்கு நாளின் நீளமே மாறுகிறது. இவர்கள் புறப்படும் முன்பே மருந்து நேர அட்டவணை ஒன்றை வைத்தியரிடம் எழுதி வாங்க வேண்டும். மருந்துகள் கைப்பொதியில் இருக்க வேண்டும்.

பரசிற்றமோல் பாணியில் ஆபத்தான ஒரு குழப்பம் இருக்கிறது. ஒரு தடவைக்குரிய அளவு உடல் நிறையின் கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராம். 24 மணித்தியாலத்தில் நாலு தடவைக்கு மேல் இல்லை. 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். இங்கே விற்கும் பாணியிலும் பிரித்தானியாவில் சிறு பிள்ளைகளுக்கான பாணியிலும் பெரும்பாலும் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உண்டு. ஆறு மில்லிலீற்றர் கொடுக்கலாம். கனடாவில் பிள்ளைகளுக்கான பாணியில் 5 மில்லிலீற்றரில் 160. ஆனால் அங்கே கைக்குழந்தைக்கென விற்கும் துளிமருந்தில் ஒரு மில்லிலீற்றரிலேயே 80 மில்லிகிராம். அந்தப் போத்தலை எடுத்து இங்கத்தைய கணக்கில் ஆறு மில்லிலீற்றர் கொடுத்தால் 480 மில்லிகிராம். வேண்டியதைப் போல் மூன்று மடங்கு. அம்மம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு வெளியே போகும் தாய், ஒரு தடவைக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று போத்தலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போகட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: ஜெட் லாக்கால் காய்ச்சல் வராது. தலையிடி, சோர்வு, பசியின்மை, வயிற்றுக் குழப்பம் வரலாம். உடல் வெப்பம் 38 பாகை செல்சியசுக்கு மேல் போனால் அது பயணக் களைப்பல்ல. நம் ஊர் டெங்கு உள்ள ஊர்; மழைக்காலமாகிய ஐப்பசி முதல் தை வரை அது கூடுகிறது, மார்கழி விடுமுறை அதன் நடுவில்தான் வருகிறது. வெளிநாட்டுப் பெற்றோர் காய்ச்சலென்றால் நியூரோஃபெனோ அட்விலோ எடுத்துக் கொடுத்துப் பழகியவர்கள். இவை இரண்டும் ஐபியூபுரோபன். டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும் மருந்து அது. இங்கே இருக்கும் வரை அந்தப் போத்தலைப் பொதிக்குள்ளேயே வைத்திருங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலைக்குக் கொண்டு போய் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விட்டபின் பிள்ளை மேலும் சோர்ந்தால், வயிறு நொந்தால், விடாமல் சத்தி எடுத்தால், சிறுநீர் குறைந்தால் அன்றிரவே கொண்டு போங்கள். டெங்குவில் ஆபத்தான நேரம் அதுதான். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புக் கரைசல் தூள்) ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரையுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை போனபின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர், பெரிய பிள்ளைக்கு 100 முதல் 200. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அரைப் பக்கற்றை ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. உப்புக் கூடிப் போய்க் கேடாகும்.

திரும்பும் பயணத்துக்கும் கணக்கு வேண்டும். நல்லூர்த் தீர்த்தம் ஆவணி அமாவாசையோடு முடிகிறது. சில ஆண்டுகளில் அது புரட்டாதி மாதப் பள்ளித் தொடக்கத்தை உரசிக்கொண்டு வரும். ஒன்ராறியோவில் பள்ளிகள் செப்ரெம்பர் முதல் திங்களுக்குப் பிறகு திறக்கின்றன. மேற்கே போவது இலகு என்றாலும் ரொறன்ரோப் பிள்ளைக்கு ஆறேழு நாள் வேண்டும், லண்டன் பிள்ளைக்கு மூன்று. தேர் பார்த்துவிட்டுப் போவதா, தேருக்கு முன் போவதா என்பதைப் பற்றுச்சீட்டு எடுக்கும்போதே முடிவு செய்யுங்கள். ரொறன்ரோவில் இறங்கிய முதல் இரண்டு நாள் பிள்ளையை மத்தியானத்திலிருந்து ஆறு மணி வரை பூங்காவில் விடுங்கள். ஏழு மணிக்குப் பிறகு யன்னலை மூடுங்கள். அங்கே சாமம் இரண்டு மணிக்குப் பிள்ளை எழும்பிப் பசியென்று நின்றால், இங்கே பதினொன்றரை. அம்மம்மா சமைத்து முடிக்கும் நேரம். அவருக்கு ஒரு குரல் அழைப்பு எடுத்துக் கொடுங்கள், திரையை மட்டும் கவிழ்த்து வையுங்கள்.

சிறுவர் நலப் பணியில் உள்ள வாசகர்கள்,
யாழ்ப்பாணம்.